வீட்டுக்கு ஒரு மூடை யூரியா

சாவகச்சேரியில் வீடு கட்ட அனுமதி கேட்பவர் கொடுக்கும் வரைபடத்தில், வீட்டுக்கு அடுத்தபடியாக எல்லோரும் உற்றுப் பார்ப்பது இரண்டு சிறு வட்டங்களை. ஒன்று கிணறு, மற்றது மலசலகூடக் குழி. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. கோட்டின் மேல் ஓர் அடிக்கணக்கு. அந்தக் கணக்குச் சரியாக இருந்தால் மேற்கொண்டு கேள்வி குறைவு. காணி இரண்டு பரப்பாகச் சுருங்கிவிட்ட இடங்களில் படம் வரைபவர் கிணற்றை ஒரு மூலைக்கும் குழியை எதிர் மூலைக்கும் தள்ளி எப்படியோ தூரத்தைப் பிடித்துவிடுகிறார். வேலிக்கு அப்பால் பத்தடியில் இருக்கும் பக்கத்து வளவுக் கிணறு சில வேளை அந்தத் தாளில் வருவதே இல்லை.

தூரம் பார்ப்பது தவறில்லை. அது ஒரு காரணத்துக்காக ஏற்பட்ட விதி. மலத்தில் உள்ள கிருமிகள் மண்ணுக்குள் நகரும்போது துகள்களில் ஒட்டிக்கொள்கின்றன, பசியால் சாகின்றன, வேறு நுண்ணுயிர்களுக்கு இரையாகின்றன. போதிய தூரமும் போதிய நாட்களும் கிடைத்தால் கிணற்றை அடையும் முன் பெரும்பாலானவை அழிந்துவிடும். வாந்திபேதியும் நெருப்புக்காய்ச்சலும் ஊரை அழித்த காலத்தின் பாடம் அது. ஆனால் நைத்திரேற்று கிருமி இல்லை. அது நீரில் முழுவதும் கரைந்த உப்பு. மணல் அதை வடிகட்டாது, சுண்ணக்கல் அதைப் பிடித்து வைக்காது, நாள் போனால் அது சாகாது. தண்ணீர் போகுமிடமெல்லாம் தண்ணீரின் வேகத்திலேயே போகும். ஐம்பது அடியில் இருந்தாலும் நூறு அடியில் இருந்தாலும், கிணற்றுக்குப் போகும் ஊற்றின் வழியில் குழி இருக்குமானால் நைத்திரேற்று வந்து சேரும். தென்மராட்சியில் கழிவுநீரைப் பற்றி நாம் வைத்திருக்கும் விதிகள் அனைத்தும் தூரத்தை அளக்கின்றன. ஒரு வளவு எவ்வளவு நைதரசனைத் தாங்கும் என்று எவரும் அளப்பதில்லை. அதை அளக்கத் தொடங்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

குடாநாட்டுக்கு ஆறு இல்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மார்கழியிலும் பெய்யும் மழைதான் ஆண்டு முழுவதற்குமான தண்ணீர். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று நிலத்துக்கடியில் நான்கு நன்னீர்த் தொகுதிகள் உண்டு. ஒவ்வொன்றும் கடல்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய வில்லை. தென்மராட்சியின் வில்லை தெற்கே யாழ்ப்பாணக் கடலேரிக்கும் வடக்கே உப்பாற்று, வடமராட்சிக் கடலேரிகளுக்கும் இடையே அகப்பட்டுக் கிடக்கிறது. மேலே பெரும்பாலும் மணல், கீழே சுண்ணக்கல். மணல் மழையை மறுக்காமல் உள்ளே விடுகிறது. அதே தாராளத்தோடு கழிவையும் உள்ளே விடுகிறது. சாவகச்சேரி மாம்பழத்துக்கும் கொடிகாமத்துத் தேங்காய்க்கும் பேர் வாங்கிக் கொடுத்த அந்த இளகிய மண்ணே இந்த விடயத்தில் நமக்குப் பலவீனம்.

மாரியில் இங்கே ஒரு குழி வெட்டிப் பார்த்தவர்களுக்கு மற்றப் பலவீனமும் விளங்கும். சித்திரையில் பன்னிரண்டு அடி தோண்டியும் காய்ந்து கிடந்த இடத்தில், கார்த்திகை முடிவில் நாலைந்து அடியிலேயே பக்கச் சுவர் கசியத் தொடங்கும். முதலில் மண் கறுத்து ஈரமாகும். பிறகு விரல் தடிப்பில் நீர் வழியும். மண்வெட்டியை வைத்துவிட்டு மேலே ஏறி வருவதற்குள் கணுக்கால் அளவு நின்றுவிடும். மலசலகூடக் குழி எட்டு அடி என்றால், மாரி மாதங்களில் அதன் கீழ்ப் பாதி நிலத்தடி நீருக்குள்ளேயே நிற்கிறது என்று பொருள். அடித்தளம் பூசாத குழியில் கழிவுக்கும் குடிநீருக்கும் நடுவில் அப்போது மண்ணே இல்லை. ஊரில் ‘செப்டிக் டாங்க்’ என்று சொல்லப்படுவனவற்றில் பல, கல்லை அடுக்கி மேலே கொங்கிறீற் மூடி போட்ட, அடி திறந்த குழிகள்தான். பத்து ஆண்டுகளாக நிரம்பவேயில்லை என்று பெருமையாகச் சொல்லப்படும் குழி, பத்து ஆண்டுகளாகக் கீழே கசிந்துகொண்டிருக்கும் குழி.

இனி நைதரசன் கணக்கு. ஒரு மனிதர் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 4 கிலோ நைதரசனை வெளியேற்றுகிறார். நாம் உண்ணும் பருப்பிலும் மீனிலும் இறைச்சியிலும் உள்ள புரதத்திலிருந்து வருவது அது. அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சிறுநீரில் போகிறது. ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு 20 கிலோ. யூரியாவில் நைதரசன் 46 வீதம் என்பதால் இது 43 கிலோ யூரியாவுக்குச் சமம். கடையில் விற்கும் ஐம்பது கிலோ மூடையில் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு வீடும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு மூடை யூரியாவைத் தன் வளவுக்குள் புதைக்கிறது.

இரண்டு பரப்பு என்பது ஏறக்குறைய 500 சதுர மீற்றர். ஆண்டு மழை 1,250 மில்லிமீற்றர் என்று எடுத்துக்கொண்டால், ஆவியாகியும் வழிந்தோடியும் போனது போக மூன்றில் ஒரு பங்கு, அதாவது 400 மில்லிமீற்றர் அளவு நிலத்தடிக்குச் சேரும் என்று கொள்வோம். அந்த வளவுக்குரிய மழைநீர் ஆண்டுக்கு 2 லட்சம் லீற்றர். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் வீதம் வீட்டிலிருந்து இறங்கும் கழிவுநீர் இன்னொரு 1.8 லட்சம் லீற்றர். தாங்கியில் மண்டியாகப் படிவதும் மண்ணில் இழப்பதும் ஐந்தில் ஒரு பங்கு என்று தள்ளினாலும் 16 கிலோ நைதரசன் இந்த 3.8 லட்சம் லீற்றரில் கலக்கிறது. வகுத்துப் பார்த்தால் லீற்றருக்கு 42 மில்லிகிராம் நைதரசன் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் வரம்பு நைத்திரேற்றாக 50 மில்லிகிராம், நைதரசனாகச் சொன்னால் 11. நாலு மடங்கு. இந்தக் கணக்கில் தோட்டத்து உரம் இல்லை, மாட்டுக் கொட்டில் இல்லை, கோழிக்கூடு இல்லை. வீட்டு மனிதர்கள் மட்டும். கிணற்றிலிருந்து இறைக்கும் நீரில் ஏற்கெனவே இருக்கும் நைத்திரேற்று திரும்பத் திரும்பச் சுற்றி வருவதையும் நான் சேர்க்கவில்லை.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டு, ஐந்து பேரின் நைதரசனை மழையே வரம்புக்குள் கரைக்க எவ்வளவு நிலம் வேண்டும் என்று கேட்டால் பன்னிரண்டு பரப்புக்கு மேல் வருகிறது. முக்கால் ஏக்கருக்கும் அதிகம். இது கடுமையான மதிப்பீடு என்று தோன்றலாம். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலும் நம்மைப் போல மணலுக்கடியில் உள்ள நீரையே நம்பி வாழும் கேப் கொட் என்ற குடாநாடு உண்டு. அந்த மாநிலத்தின் கழிவுநீர் விதி, குடிநீர்க் கிணறுகளை அடுத்த பகுதிகளிலும் வளவுக்குள்ளேயே கிணறு வைத்திருக்கும் புதிய வீட்டுக் காணிகளிலும், ஓர் ஏக்கருக்கு நாளொன்றுக்கு 440 கலன் கழிவுநீருக்கு மேல் சாதாரணத் தாங்கி மூலம் நிலத்துக்குள் விட அனுமதிப்பதில்லை. அவர்கள் கணக்கில் அது நான்கு படுக்கையறை கொண்ட ஒரேயொரு வீடு. வேறு நாடு, வேறு மழை, வேறு கணக்கு முறை. வந்து நிற்கும் இடம் ஏறக்குறைய ஒன்றே. கேப் கொட்டில் அதுவும் போதாமல், கடலேரிகள் பாசி பிடித்துக் கெட்டதால், 2023இல் விதிகளை மேலும் இறுக்கி நைதரசனை அகற்றும் அமைப்புகளைக் கட்டாயமாக்கத் தொடங்கினார்கள்.

நம் முன்னோர் பன்னிரண்டு பரப்பு வளவில் இருந்தார்கள் என்பதை இந்த இடத்தில் நினைக்க வேண்டியிருக்கிறது. ஒரு வளவு, ஒரு வீடு, ஒரு கிணறு அல்லது பங்குக் கிணறு. மலசலத்துக்கு வடலிக்குள் போனார்கள். குளித்த நீர் வாழைக்குப் போனது. கழிவை நிலத்தடிக்குள் செலுத்தும் குழாய் எதுவும் அவர்களிடம் இல்லை. அந்த வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வடலிக்குள் போன காலத்தின் துன்பத்தைப் பெண்கள்தான் சொல்ல வேண்டும். சீதனத்துக்காக வளவு இரண்டாகவும் நாலாகவும் பிரிந்தது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு வீடும் ஒரு கிணறும் ஒரு குழியும் வந்தன. 2000ஆம் ஆண்டுப் போரில் சாவகச்சேரி பட்டினம் தரைமட்டமாகி, சனம் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது, தலைக்கு மேல் கூரையும் மறைவுக்கு ஒரு மலசலகூடமும் உடனே தேவைப்பட்டன. 2009க்குப் பின் வந்த வீட்டுத்திட்டங்களிலும் அவசரமே முன்னின்றது. அந்த அவசரத்தில் குழியின் ஆழத்தையும் நிலத்தடி நீரின் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க எவருக்கும் நேரம் இருக்கவில்லை. அதைக் குற்றமாகச் சொல்ல மனம் வரவில்லை. இப்போது நேரம் இருக்கிறது.

நைத்திரேற்றினால் என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்கு: 1945இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஹன்ரர் கொம்லி என்ற மருத்துவர், பண்ணைக் கிணற்று நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் நீலம் பாரித்ததைக் கண்டு எழுதினார். நைத்திரேற்று குழந்தையின் வயிற்றில் நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவைக் குறைக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கே ஆபத்து அதிகம். தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் இந்த ஆபத்து பெரும்பாலும் இல்லை. நம் மருத்துவிச்சிமார் அதை வலியுறுத்துவது இந்த வகையிலும் நன்மை. பெரியவர்களைப் பொறுத்தவரை, உடலுக்குள் நைத்திரோசோ சேர்மங்களாக மாறக்கூடிய சூழலில் உட்கொள்ளப்படும் நைத்திரேற்று, அநேகமாக மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2010இல் வகைப்படுத்தியது. யாழ்ப்பாணக் கிணறுகளின் நைத்திரேற்றை மகேஸ்வரன், மகாலிங்கம் ஆகியோர் 1983இலேயே ஆய்வு செய்து வெளியிட்டிருக்கிறார்கள். அதற்குப் பின்னும் பலர் அளந்தார்கள். நாற்பது ஆண்டுகளாக இது தெரிந்த செய்தி.

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது ஊர் கொதித்தெழுந்தது. வாளியில் எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரிந்தது, மூக்கில் மணந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பும் வந்தது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தால் போகும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது, நீர் ஆவியாவதால் செறிவு சற்றுக் கூடும். குளோரீன் போட்டாலும் போகாது. எதிர்ச்சவ்வூடு வடிகட்டி அகற்றும். ஆனால் அது ஒதுக்கித் தள்ளும் கழிவுநீரில் நைத்திரேற்று இன்னும் செறிவாக இருக்கும். அதைப் பின்வளவில் ஊற்றினால் வந்த இடத்துக்கே போய்ச் சேரும்.

வலிகாமத்துத் தோட்டக்காரர் போடும் உரத்தை விட்டுவிட்டு வீட்டுக் குழியைப் பிடிப்பது நியாயமா என்ற கேள்வி நியாயமானதே. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செறிவாகச் செய்யப்படும் செம்மண் நிலத்தில் உரமே பெரும் பங்கு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தென்மராட்சியின் நிலை வேறு. இங்கே தென்னையும் நெல்லும் மாவும் பலாவும் அதிகம். செறிவான மரக்கறித் தோட்டம் சில இடங்களில் மட்டும். சாவகச்சேரி நகரசபை எல்லைக்குள் வீடுகள் நெருக்கமாகி வருமிடத்தில் வீட்டுக் கழிவின் பங்கு ஓங்குகிறது. 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடைசெய்து விவசாயியைத் தெருவில் விட்ட கொடுமை நமக்கு இன்னும் ஆறவில்லை. அப்போது யூரியா மூடை ஒன்றுக்காக வரிசையில் நின்ற அதே ஊர், தன் வீட்டு மூடையைக் கிணற்றுக்குள் விட்டுக்கொண்டிருந்தது.

சரி, வளவுக்குள் என்ன செய்யலாம்? இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் செப்டிக் தாங்கிக்கும் அதன் வெளியேற்று அமைப்புக்கும் எஸ்.எல்.எஸ். 745 என்ற செயல்முறைக் கோவையை வைத்திருக்கிறது. மேசனுக்கு அது எட்டவில்லை என்பதே குறை. அடிப்படை எளிது. தாங்கி அடியும் பக்கமும் பூசி, நீர் கசியாமல் இருக்க வேண்டும். ஐந்து பேருக்கு உள்ளளவு ஏழடி நீளம், மூன்றடி அகலம், நீர் நிற்கும் ஆழம் நாலடி போதும். மூன்றில் இரண்டு பங்கில் ஒரு குறுக்குச் சுவர் எழுப்பி இரண்டு அறையாக்க வேண்டும். உள்ளே வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் ‘ரி’ வடிவத் துண்டு போட வேண்டும். இல்லையென்றால் மேலே மிதக்கும் ஆடை வெளியே போய் அடைத்துவிடும். கட்டி முடித்ததும் நீர் நிரப்பி ஒரு நாள் விட்டு மட்டம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே மூட வேண்டும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பவுசர் வரவழைத்து மண்டி எடுக்க வேண்டும்; அதற்காக மூடியைத் திறக்கக்கூடிய மாதிரி விட வேண்டும். மூடியின் மேல் மாபிள் பதித்துவிட்டு, பிறகு எங்கே மூடி என்று தேடும் வீடுகள் உண்டு.

தாங்கியிலிருந்து வெளிவரும் நீரை ஆழமான உறிஞ்சு குழிக்குள் விடுவதே நம் வழக்கம். தென்மராட்சியில் இதைக் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பதிலாக மேலாக ஓடும் ஊறல் வாய்க்கால் அமைக்கலாம். இரண்டடி அகலம், ஒன்றரை முதல் இரண்டடி ஆழம், நாற்பது அடி நீளமாக இரண்டு வாய்க்கால். இடையில் ஆறடி இடைவெளி. அடியில் ஓரடிக்குக் கழுவிய கருங்கல் சல்லி, அதற்குள் துளையிட்ட நாலு அங்குலக் குழாய், சல்லிக்கு மேல் மண் இறங்காமல் ஒரு துணி, அதன் மேல் மண். இரண்டு வாய்க்காலுக்கும் நடுவில் சிறு பங்கீட்டுத் தொட்டி வைத்து ஆறு மாதத்துக்கு ஒன்றாக மாற்றி விட்டால் ஓய்வில் இருக்கும் வாய்க்கால் காய்ந்து உயிர் பெறும். வாய்க்காலின் அடிக்கும் மாரியில் ஏறும் நீர்மட்டத்துக்கும் இடையே நாலடி உலர் மண்ணாவது இருக்க வேண்டும். நிலம் தாழ்வான இடத்தில் அது கிடைக்காது. அங்கே வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து மேடு கட்டி, அந்த மேட்டுக்குள் வாய்க்கால் அமைக்க வேண்டும். மலசலகூடத்தின் அத்திவாரத்தையும் இரண்டு மூன்றடி உயர்த்தினால் பம்ப் இல்லாமலே நீர் ஓடும். நிலத்தடி நீர் பொதுவாகக் கடலேரிப் பக்கம் நகர்வதால் கிணறு மேற்பக்கமும் வாய்க்கால் கடலேரிப் பக்கமும் இருப்பது நல்லது. பெரிய மோட்டார் போட்டு நாள் முழுக்க இறைத்தால் கிணறு அந்த ஓட்டத்தையும் தன் பக்கம் திருப்பிவிடும்.

இவ்வளவும் செய்தபின் கிருமிப் பயம் பெருமளவு தீரும். நைத்திரேற்று தீராது. உண்மையில் நன்றாக வேலை செய்யும் ஊறல் வாய்க்கால்தான் நைத்திரேற்றை உண்டாக்கும் இடம். தாங்கிக்குள் நைதரசன் அமோனியாவாக இருக்கிறது. காற்றோட்டமுள்ள மண்ணில் இறங்கும்போது பற்றீரியாக்கள் அதை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. கோடையில் உலர் மண்ணில் தங்கும் நைத்திரேற்றை மாரியின் முதல் மழைகள் கழுவிக் கீழே இறக்குகின்றன. அதை வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பும் வேறு பற்றீரியாக்களும் உண்டு. அவற்றுக்குக் காற்றில்லாத இடமும் உண்பதற்குக் கரிமமும் வேண்டும். நம் மணலில் இரண்டும் அரிது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் றொபேட்சன், செரி என்ற இருவர் 1990களில் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். கழிவுநீர் நகரும் பாதையில் மரத்தூள் கலந்த படுகை ஒன்றைப் புதைத்தார்கள். நைத்திரேற்றைச் சுமந்த நீர் அதற்குள் நுழைந்தபோது மரத்தூளின் கரிமத்தை உண்ட பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கின. ஆண்டுக்கணக்கில் அது வேலை செய்தது. குடாநாட்டில் மரத்தூளும் தென்னம் பொச்சும் பனஞ்சிராம்பும் மலிவு. பொச்சிலிருந்து நிறமும் உப்பும் இறங்கக்கூடும் என்பதால் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் தென்மராட்சியில் பத்து வளவுகளை எடுத்து மூன்று மாரிகளுக்கு அளந்து தந்தால், மேசன் கையில் கொடுக்கக்கூடிய ஒரு படம் நமக்குக் கிடைத்துவிடும்.

வாழை நட்டால் போதும் என்று சொல்பவர்களோடு முழுக்க உடன்பட முடியவில்லை. ஊறல் வாய்க்காலின் ஓரத்தில் வாழை நடுவது நல்லதே. ஆழக் குழியை எட்டாத வேர் மேலாக உள்ள வாய்க்காலை எட்டும். ஒரு வாழை ஆண்டுக்கு நூறு, நூற்றைம்பது கிராம் நைதரசன் எடுக்கலாம். பத்து வாழைக்கு ஒன்றரைக் கிலோ. மிச்சம் பதினாலு கிலோ கீழேதான் போகிறது.

அதனால் நான் முன்வைப்பது இன்னும் நேரடியான வழி: சிறுநீரைக் குழிக்குள் விடாமல் பிரித்து எடுப்பது. நைதரசனில் ஐந்தில் நான்கு பங்கு அதில் இருக்கிறது, அளவோ ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் மட்டுமே. தமிழ்நாட்டில் திருச்சி மாவட்டத்து முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் 2000களில் சிறுநீரையும் மலத்தையும் பிரிக்கும் மலசலகூடங்களை நூற்றுக்கணக்கில் கட்டியது. பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தியவர்களிடம் காசு வாங்குவதை விட்டு, அவர்களுக்கே சிறு தொகை கொடுத்தார்கள். சிறுநீரை வாழைக்கு உரமாக்கினார்கள். காவிரிக் கரையில், நீர்மட்டம் மேலாக உள்ள நிலத்தில் அது நடந்தது என்பது நமக்கு முக்கியம். மூடிய தாங்கியில் ஆறு மாதம் வைத்த சிறுநீர் எந்தப் பயிருக்கும் பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டல் சொல்கிறது. ஒரு வீட்டின் சிறுநீரில் உள்ள நைதரசன் காய்க்கும் தென்னை நாற்பது ஐம்பதுக்குப் போதும். இரண்டு பரப்பில் அத்தனை தென்னை இல்லை; கொடிகாமத்திலும் மிருசுவிலிலும் மீசாலையிலும் தோப்புத் தோப்பாக இருக்கிறது. தோப்புக்கும் அதை மாரி நடுவில் ஊற்றக் கூடாது. மழை குறையும் தை, மாசியில், அடியில் சிறு சால் இழுத்து ஊற்றி மண்ணால் மூட வேண்டும்.

வீடுகளில் இதைத் தொடங்குவது கடினம் என்று எனக்குத் தெரியும். பாடசாலைகளில் தொடங்கலாம். ஆண்பிள்ளைகளின் சிறுநீர் கழிப்பிடம் ஏற்கெனவே தனியாக இருக்கிறது. குழாயைத் திருப்பி ஒரு தாங்கிக்கு விடுவதுதான் வேலை. பெண்பிள்ளைகளுக்கு முசிறி மாதிரியிலான, சிறுநீரை முன்பக்கம் பிரிக்கும் குந்துதட்டு வேண்டும். ஆயிரம் மாணவர் படிக்கும் பாடசாலையில் ஒரு மாணவர் பள்ளி நேரத்தில் 2 கிராம் நைதரசன் விடுகிறார் என்று கொண்டால், 190 பள்ளி நாட்களுக்கு 380 கிலோ. பதினாறு மூடை யூரியா. சாவகச்சேரி இந்துக் கல்லூரி, டிறிபேர்க் கல்லூரி போன்ற பெரிய பாடசாலைகளும் சந்தையும் பஸ் நிலையமும் ஆதார வைத்தியசாலையும் கல்யாண மண்டபங்களும் ஒரு சில ஏக்கருக்குள் செறிந்து கிடக்கும் பட்டினம் இது. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வெளிநாட்டுக்காரரின் மூன்று குளியலறை மாடி வீடு நைதரசன் கணக்கில் ஒன்றுமில்லை. ஆட்கள் கூடுமிடமே கணக்கு. திருத்தத்தை அங்கேதான் தொடங்க வேண்டும்.

இதில் ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். மலவாளி தூக்கும் வேலையை ஒரு சமூகத்தின் தலையில் பரம்பரையாகச் சுமத்திய ஊர் இது. சிறுநீரோ மண்டியோ, எடுக்கும் எந்தத் திட்டமும் மூடிய தாங்கி, பம்ப், பவுசர் கொண்டு, நிரந்தர வேலையும் தகுந்த சம்பளமும் பாதுகாப்பு உடையும் கொடுத்து நடத்தப்பட வேண்டும். கையால் அள்ள வேண்டிய எந்த வடிவமைப்பையும் அனுமதிக்கக் கூடாது. அந்த உறுதி இல்லாமல் இந்தத் திட்டத்தைத் தொடங்குவதிலும் பார்க்கத் தொடங்காமல் இருப்பது மேல்.

தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பிறகு, குழாய்நீர் வந்தால் கிணற்றுப் பிரச்சினை தீர்ந்தது என்று பேச்சு எழுந்திருக்கிறது. குடிக்க நல்ல நீர் கிடைப்பது பெரும் ஆறுதல்; பால்மா கரைக்கும் தாய்க்கு அது இன்றே வேண்டும். ஆனால் குழாயில் நீர் வரும் வேகத்துக்குக் கழிவுநீரும் கூடும். அதைக் கொண்டுபோகக் கழிவுநீர்க் குழாய் தென்மராட்சியில் இல்லை. கடல்நீரைச் சுத்திகரித்து எடுத்த விலையுயர்ந்த நீர் அதே குழி வழியே அதே வில்லைக்குள் இறங்கும். கிணறு குடிப்பதற்கில்லை என்று ஆனபின் அதைக் காப்பாற்றும் அக்கறையும் குறையும். மின்சாரம் நின்று போன நாட்களில், எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களில், துலாவும் வாளியும் இருந்த வீடு தண்ணீருக்குத் தவிக்கவில்லை. கிணற்றைக் கைவிடும் உரிமை நம் தலைமுறைக்கு இல்லை.

நகரசபையும் பிரதேச சபையும் தங்கள் கட்டட அனுமதிப் படிவத்தில் மூன்று வரிகளைச் சேர்த்தால் போதும். அயல் வளவுக் கிணறுகள் எங்கே? மாரியில் நிலத்தடி நீர் எத்தனை அடியில்? எத்தனை பரப்புக்கு எத்தனை பேர்? பரப்பைப் பேரால் வகுத்து, ஆளுக்கு இரண்டரைப் பரப்புக்குக் குறைவாக வந்தால், அடி திறந்த குழிக்கு அனுமதி இல்லை. சிறுநீர் பிரிப்போ, மரத்தூள் படுகையோ, அயலவர் நாலைந்து பேர் சேர்ந்து கட்டும் பொதுச் சுத்திகரிப்போ ஒன்று வேண்டும் என்று விதிக்கலாம். மண்டபம், விடுதி, பாடசாலைக்கு இதையே முதலில் கட்டாயமாக்கலாம். இருக்கும் வீடுகளைத் தண்டிக்க வேண்டாம். குழி திருத்தும்போது உதவித்தொகை கொடுத்து மாற்றச் சொல்லலாம்.

அதுவரை ஒவ்வொரு வீட்டுக்காரரும் செய்யக்கூடியது தன் கிணற்று நீரைச் சோதிப்பது. ஆண்டுக்கு இருமுறை போதும்: புரட்டாதியில் மழைக்கு முன் ஒன்று, மார்கழியில் நீர்மட்டம் ஏறியபின் ஒன்று. பம்பை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் போத்தலை மூன்று முறை அலசி, நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வுகூடத்துக்குக் கொடுக்க வேண்டும். அறிக்கை வந்ததும் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பாருங்கள். 40 என்று இருந்து, அது நைத்திரேற்றாகச் சொல்லப்பட்டிருந்தால் வரம்பான 50க்கு உள்ளே. அதே 40 நைத்திரேற்று நைதரசனாகச் சொல்லப்பட்டிருந்தால் வரம்பு 11. அந்த நீரில் குழந்தைக்குப் பால் கரைக்கக் கூடாது. எது என்று எழுதப்படாவிட்டால் ஆய்வுகூடத்தைக் கேட்டு அறிக்கையிலேயே எழுதி வாங்குங்கள்.